ஒற்றைக் கை

முதல் நாற்காலியைக் காகிதத்தில் செய்தேன்.
அது உடையவே இல்லை.

இரண்டாவது, கருவேலத்தில்.
சத்துவாச்சாரி வெயிலில் நான்கு மாதம் கிடந்தும்
உளியோடு பேச மறுத்த மரம்.
கழுந்து பாதியில் நின்றது,
கொட்டாப்புளியின் தலை பிளந்தது.
முனிரத்தினம் நசுங்கிய கட்டைவிரலை
வாயில் வைத்துக்கொண்டே சொன்னார்:
"வண்டிச் சக்கரத்துக்குப் பொறந்த மரம் மேடம்.
ஓட வெக்கலாம். ஒக்கார வெக்க முடியாது."
உட்கார வைத்தோம்.

பின்னலுக்குத் தோல், மேல்விஷாரத்தில் வாங்கியது.
ஏற்றுமதிச் செருப்புக்கு வெட்டியதில் மிஞ்சிய கழிவு,
கிலோ எழுபது ரூபாய்.
எந்த ஊர்க்காரரின் இடது காலோ போக மீதி.
ஒன்று சாண் நீளம், ஒன்று முழம்,
எதுவும் நாற்காலியின் அகலத்துக்கு வராது.
நுனியைக் கீறி, கீறலுக்குள் அடுத்ததை நுழைத்து, இழுத்து
பதினோரு நாள் பாவு கட்டினேன்.
முடிச்செல்லாம் அடிவயிற்றுப் பக்கம்.
மேலிருந்து பார்த்தால்
ஒரே மாட்டின் தோல் என்று பொய் சொல்லும்.

ஊடை, இரண்டு மேல் ஒன்று கீழ்.
போன் வந்து எண்ணிக்கை மறந்து
மூன்று முறை பிரித்தேன்.
நான்காம் முறை தவறை அப்படியே விட்டேன்;
இடப்பக்கப் பின்மூலையில் இருக்கிறது,
தேடினால் கிடைக்கும்.

சிமெண்ட் மூட்டை இரண்டை ஏற்றி
மூன்று நாள் வைத்தோம்.
இரண்டு விரற்கடை தொய்ந்து, அதோடு நின்றது.
பாஸ் என்றார் முனிரத்தினம்.
மூட்டை நெளிவதில்லை,
மூட்டைக்குத் தொடை மரத்துப்போவதில்லை என்பது
அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எதிர் வரிசை ஸ்கேன் சென்டரில்
டோக்கன் கொடுக்கும் ஜீவரத்தினம்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தாள்.
கால் தரையைத் தேடியது.

நான் நம்பிய புத்தகத்தில்
உட்காரும் உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.
யாருடைய முழங்காலோ அது.
அவள் செருப்பு அந்தரத்தில் ஆடி
ஒன்று கழன்று விழுந்தது.
"நல்லா கீது மேடம்."

நல்லா இல்லாத எதையும்
அவள் அப்படித்தான் சொல்வாள் என்று
அவள் போன பிறகு சொன்னார் முனிரத்தினம்.

நான்கு காலையும் அறுத்தோம்.
ஒன்று குட்டையாகி ஆட, அதற்காக இன்னொன்றை,
அதற்காக மறுபடி இதை,
நாற்பத்தொன்றில் ஆட்டம் நின்றது.

மறுநாள் பாதம் பதிந்தது.
பாராட்டுவாள் என்று நின்றேன்.
டிபனைத் திறந்தாள். புளிச்சோறு.
இரண்டு வாய் சாப்பிட்டாள்.
செருப்பைக் கழற்றினாள்.
வலது காலை மடித்து மேலே ஏற்றப் போனவளின்
முழங்கால் கைப்பிடியில் இடித்தது.

சோற்றைப் பார்த்தபடியே கேட்டாள்:
"இந்தக் கால எங்க வெக்கறது?"

அந்தக் கைப்பிடியின் வளைவைக் கண்டுபிடிக்க
ஓர் ஆடி மாதம் முழுக்கப் போயிருந்தது எனக்கு.

அன்று மாலையிலிருந்து
ஊரின் கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.
காட்பாடி பிளாட்பாரத்தில், கூட்டுறவு வங்கியில்,
ஆரணி பஸ்ஸின் டிரைவர் பின்சீட்டில்,
யாரும் கவனிக்காத நிமிடத்தில்
ஒரு கால் மெல்ல மேலேறிவிடுகிறது.
ஒன்று பூமிக்கு.
ஒன்று தனக்கு.

வலது கையை அறுத்தோம்.
முனிரத்தினம் ரம்பத்தை வைத்துவிட்டு
ஒரு டீ குடித்து வந்தார், பிறகுதான் அறுத்தார்.
வெட்டுவாயை உப்புத்தாளால் தேய்த்து
எண்ணெய் வைத்தது நான்.
இடது கை இருக்கட்டும்,
எழும்போது ஊன்ற ஒன்று வேண்டும்.

ஜீவரத்தினம் வந்தாள், மடித்தாள், சாப்பிட்டாள்,
டப்பாவை மூடிய பிறகும்
பத்து நிமிடம் அப்படியே இருந்தாள்.
நல்லா கீது என்று சொல்லவில்லை.
நான் நோட்டை எடுத்து
'முடிந்தது' என்று எழுதித் தேதி போட்டேன்.

சாயங்காலம் அதே சென்டரின் வாட்ச்மேன்
எத்திராஜுலு, சும்மா பார்க்க வந்தவர்,
தொப்பியை மடியில் வைத்து
வசதியாக உட்கார்ந்தார்.
மடக்கினார்,
இடது காலை.

முனிரத்தினம் ரம்பத்தைத் தொடவில்லை.
என்னைப் பார்த்தார்.